கந்தையும் தோரணமும்



தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பெட்டி உண்டு. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் அதுவும் நம்மோடு ரயிலேறும். புதிய ஊரில் கட்டிலுக்கு அடியிலோ பரண்மேலோ அதற்கு இடம் ஒதுக்கப்படும். அதைத் திறந்து பார்த்தால், தாயாரோ மாமியாரோ பாட்டியோ உடுத்திய பட்டுப்புடவை ஒன்று அடியில் கிடக்கும். மடித்த இடமெல்லாம் விண்டிருக்கும். அதை உடுத்தவும் இயலாது. எறியவும் மனம் வராது. அந்தப் புடவையின் கரையைக் கொண்டு, வீட்டிலேயே கிடைக்கும் வேறு சில பொருள்களையும் சேர்த்து, அழகியதொரு சுவர்த் தொங்கலைச் செய்துகொள்வது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.

சொற்களோடு பழகுவதே என் தொழிலாகையால், செய்முறைக்குப் போகுமுன் இரண்டு சொற்களைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். முதலாவது, கந்தை. கிழிந்த துணியை, இனிப் பயன்படாததை, நாம் கந்தை என்கிறோம். வடமொழியில் 'கந்தா' என்பது ஒட்டுப்போட்ட பழந்துணியைக் குறிக்கும் சொல். தமிழின் கந்தையும் வங்கத்தின் 'காந்தா'வும் அதே சொல்லின் கிளைகள். ஆனால் வங்காளத்தில் அச்சொல்லுக்கு வாய்த்த பெருமை வேறு. அங்குள்ள பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவி எடுத்து, எளிய தையலால் தாமரையும் மீனும் மரமும் தீட்டிப் போர்வையாக்கினார்கள். வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடலின் நாயகி, தன் வாழ்க்கையின் துயரத்தையே ஒரு காந்தாவில் தைத்து வைக்கிறாள். நாம் கழித்துப் போட்ட சொல், அடுத்த வீட்டில் காவியமாகிவிட்டது.

இரண்டாவது சொல், தோரணம். இதை விளக்கத் தேவையில்லை. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவுக்காக முரசறைவோன் நகர மக்களிடம் வீதிகளில் தோரணம் அமைக்கவும், கமுகும் வாழையும் கரும்பும் நடவும், முத்து மாலைகளைத் தொங்கவிடவும் சொல்கிறான். இன்றும் நாம் மாவிலையைக் கயிற்றில் கோத்து வாயிலில் கட்டுகிறோம். குஜராத்தில் சௌராஷ்டிரப் பகுதியிலும் கச்சிலும் இதே சொல் துணியால் செய்த அலங்காரத்தைக் குறிக்கிறது. அங்கு வாயில் நிலையின்மேல் மாட்டும் பூவேலைத் துணிக்குத் 'தோரண்' என்று பெயர். அதன் கீழ் விளிம்பில் இலை வடிவில் துணித்துண்டுகள் வரிசையாகத் தொங்கும். சுவரில் மாட்டும் சதுர வடிவத் துணிக்குச் 'சாக்ளா' என்று பெயர். மணமாகிப் போகும் பெண் இவற்றைச் சீர்வரிசையோடு கொண்டு செல்வது அங்கே வழக்கம். நம் மாவிலை ஓரிரு நாளில் வாடுகிறது. அவர்கள் இலை வாடுவதில்லை.

ஒடிசாவில் இருப்பவர்கள் புவனேசுவரத்திலிருந்து புரி செல்லும் வழியிலுள்ள பிப்பிலி என்னும் ஊரை அறிந்திருப்பார்கள். ஒரு துணியின்மேல் வேறு வண்ணத் துணிகளை வெட்டி வைத்துத் தைக்கும் வேலைக்கு அது பெயர் பெற்றது. புரியில் சகந்நாதரின் தேர்ச்சீலை சிவப்பும் மஞ்சளும், பலபத்திரர் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரையின் தேருக்குச் சிவப்பும் கறுப்பும் என்பது மரபு. அதைக் காணும்போது நமக்குத் தஞ்சையும் கும்பகோணமும் நினைவுக்கு வர வேண்டும். நம் கோயில் தேர்களில் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளும் துணிமேல் துணி வைத்துத் தைத்தவையே. ஆகவே, நாம் செய்யப்போகும் பொருள் நமக்கும் புதியதன்று. நாம் குடியேறிய மண்ணுக்கும் புதியதன்று.

இனிப் புடவைக்கு வருவோம். வெட்டலாமா, கூடாதா என்பதே முதற் கேள்வி. இதில் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வருவதுண்டு. ஆகையால் நிதானம் வேண்டும். இன்னும் உடுத்தக்கூடிய புடவையை வெட்ட வேண்டாம். உரியவர் உயிரோடிருக்கும்போது, அவருடைய கூறைப்புடவையை அவர் சம்மதமின்றித் தொட வேண்டாம். நெசவில் அரிய வேலைப்பாடு உள்ள முந்தானையைப் பிரிக்காமல் முழுமையாகவே வைத்துக்கொள்க. ஆனால் உடல்பகுதி மடிப்புத்தோறும் பிளந்துபோன புடவையைப் பெட்டியிலேயே வைத்திருப்பதால் அது காப்பாற்றப்படுவதில்லை. ஒரே மடிப்பில் நெடுநாள் கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே முறியும். மேலும், இத்தகைய புடவைகளை எடைக்கு வாங்குவோர் பெரும்பாலும் சரிகைக்காகவே வாங்குகிறார்கள். துணியைத் தீயிலிட்டு வெள்ளியைப் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். ஒரு தலைமுறையின் நினைவு அத்துடன் முடிந்துவிடும். அதைவிடக் கத்தரிக்கோல் கருணையுடையது.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரண்டையும் நெசவிலேயே பின்னிச் சேர்ப்பார்கள். உடல் நைந்த பிறகும் கரை உறுதியாக நிற்பதுண்டு. நமக்குத் தேவையானது அந்தக் கரையே. கணக்கையும் பாருங்கள். ஐந்தரை மீட்டர்ப் புடவையில் ஒரு பக்கக் கரை ஏறத்தாழ 216 அங்குலம். இரு பக்கமும் சேர்ந்தால் 432 அங்குலம். நாம் செய்யும் தொங்கல் ஒன்றுக்கு 50 அங்குலக் கரை போதும். எனவே ஒரு புடவையில் எட்டுத் தொங்கல்கள் செய்யலாம். பாதி வீணாகியிருந்தாலும் நான்கு தேறும். தில்லியில் ஒருவர், மும்பையில் ஒருவர், கொல்கத்தாவில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று பிரிந்து வாழும் உடன்பிறந்தார் நால்வர் வீட்டிலும் தாயின் புடவை ஒன்றே தொங்கும். புடவை யாருக்கு என்ற வழக்கும் எழாது.

தேவையான பொருள்கள் இவை. புடவைக் கரை 25 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள். 13 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் உள்ள ஒரே வண்ணக் கைத்தறிப் பருத்தித் துணி ஒன்று. அதே அளவில் காடாத்துணி ஒன்று. உட்புறம் மூடுவதற்குப் பழைய வேட்டியிலிருந்து 12½ அங்குல அகலம், 23 அங்குல நீளத்தில் ஒரு துண்டு. விரல் பருமனில் 14 அங்குல மூங்கில் குச்சி. மாட்டுவதற்குப் பருத்திக் கயிறு. மெல்லிய ஊசி, பருத்தி நூல், சிறிது பட்டு நூல், இரண்டு சட்டைப் பொத்தான்கள், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை. இவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கும்.

முதலில் துணியைச் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் கரையின் ஓர் ஓரத்தை மெல்ல ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை நனைக்கவே கூடாது. நிழலில் காற்றாட விரித்தால் போதும். சரிகை கறுத்திருந்தால், பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலப் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம். நல்ல சரிகை என்பது பட்டு இழையின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது. தேய்த்தால் முலாம் போய்விடும். கறுப்பும் அதன் வயதுக்கு அடையாளமென்று விட்டுவிடுவதே நன்று. சுருக்கம் நீங்க வேண்டுமானால், துணியைக் கவிழ்த்து, மேலே பருத்தித் துணி விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போடலாம்.

கரையை வெட்டும்போது உடல்பக்கம் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இல்லையேல் இழை பிரிந்துகொண்டே வரும். அந்த அரை அங்குலத்தை உட்புறம் மடித்து, கையால் அழுத்திக்கொள்ளலாம். பட்டு மிகவும் நைந்திருந்தால், வெட்டுமுன் அதன் அடியில் மெல்லிய மல்துணியை வைத்துத் தைத்துவிட வேண்டும். பசை தடவி ஒட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். மைதாப் பசை கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. கடைப் பசையோ காலப்போக்கில் பட்டை விறைப்பாக்கி நிறம் மாற்றும். தைப்பதே நல்லது. அதிலும் மிக வலிய செயற்கை நூல் வேண்டாம். நைந்த பட்டை அது அறுத்துவிடும். துணியைவிட நூல் சற்று மெலிந்ததாக இருப்பதே முறை.

இப்போது வேலையைத் தொடங்கலாம். காடாத்துணியைக் கீழே விரித்து, அதன்மேல் வண்ணத் துணியைப் பரப்பி, நான்கு ஓரங்களிலும் தளர்வாக நூலோட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பிலிருந்து 2½ அங்குலம் கீழே ஒரு கோடு போடுங்கள். மற்ற மூன்று ஓரங்களிலும் அரை அங்குலத்தில் கோடு வரட்டும். இவை பின்னால் மடிக்க வேண்டிய கோடுகள். அந்தக் கோடுகளுக்குள் அடங்குவதே தொங்கலின் முகம். அது 12 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் இருக்கும். பக்கவாட்டுக் கோடுகளிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, இரு பக்கமும் கரைத் துண்டுகளை நெடுக வைத்து, மேலும் கீழும் அரை அங்குலம் மடிப்புக்குள் போகுமாறு பட்டு நூலால் தையுங்கள். தூண்கள் இரண்டு நிறுத்தியதுபோல் இருக்கும். கரை இரண்டு அங்குல அகலமாயின், நடுவில் ஏழு அங்குல இடம் எஞ்சும்.

அந்த இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் கோலம் வருகிறது. அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போருக்கு வாசல் என்று ஒன்று சரிவர இல்லை. மாடிப்படி அருகே போட்ட கோலத்தை அடுத்தவர் மிதித்துச் சென்றால் குறைசொல்லவும் முடியாது. அந்தக் கோலத்தைச் சுவருக்கு ஏற்றுவோம். சாக்கட்டியால் ஓர் அங்குல இடைவெளியில் நேர்ப்புள்ளி வையுங்கள். நடு வரிசையில் ஐந்து, மேலும் கீழும் மூன்று, பிறகு ஒன்று. புள்ளிகளைச் சுற்றி உங்கள் வீட்டு வழக்கப்படி சிக்குக் கோலத்தை இழுத்து, வெண்ணிறப் பருத்தி நூலால் அந்தக் கோட்டின்மேல் ஓட்டத் தையல் போடுங்கள். ஊசி மேலும் கீழுமாகச் செல்லும் அதே எளிய தையல்தான் வங்கத்துக் காந்தாவின் உயிர். தையல் ஒவ்வொன்றும் அரிசியளவு இருந்தால் போதும். புள்ளிகளின் இடத்தில் ஒவ்வொரு சிறு பாசிமணி தைக்கலாம். கோலத்துக்கு மேலும் கீழும் இடம் வெறுமையாக இருக்கட்டும். நிரப்ப வேண்டுமென்று துடிக்க வேண்டாம். மணிகளுக்குப் பதிலாகக் குன்றிமணி தைக்கும் ஆசை சிலருக்கு வரும். அது கண்ணுக்கு அழகுதான். ஆனால் மென்று விழுங்கினால் கொடிய நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, மாவிலைகள் ஐந்து. கல்யாணப் பத்திரிகை அட்டையில் 2¼ அங்குல அகலமும் 4 அங்குல நீளமும் கொண்ட இலையொன்றை, மேற்பக்கம் நேராகவும் கீழ்ப்பக்கம் கூராகவும் இருக்குமாறு வெட்டிக்கொள்ளுங்கள். இதுவே அச்சு. புடவையின் உடல்பகுதியில் நல்லதாக எஞ்சியுள்ள துணியிலோ வேறு பச்சைத் துணியிலோ, இந்த அச்சைச் சுற்றிக் கால் அங்குலமும் மேற்பக்கத்தில் அரை அங்குலமும் கூட்டிப் பத்துத் துண்டுகள் வெட்ட வேண்டும். இரண்டிரண்டாக நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து, மேற்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் தைத்து, வெளிப்புறமாகத் திருப்புங்கள். கூர்முனையில் தங்கும் மிகுதித் துணியைத் திருப்புமுன் சற்றே நறுக்கிவிட்டால் நுனி அழகாக வரும். நடுநரம்புக்கு ஒரு தையல் ஓட்டினால் இலை முழுமையாகிவிடும்.

இனி மடிப்பு வேலை. பக்க ஓரங்களை அரை அங்குலம் பின்னால் மடித்துத் தையுங்கள். மேற்பக்கத்தை முதலில் அரை அங்குலமும், பிறகு இரண்டு அங்குலமும் மடித்துத் தைத்தால், குச்சி நுழையும் குழல் அமையும். கீழ் ஓரத்தை அரை அங்குலம் மடித்து, அந்த மடிப்பின்மேல் பின்புறமாக ஐந்து இலைகளின் மேற்பகுதியையும் வரிசையாக வைத்துத் தையுங்கள். பின்பக்கத்தில் முடிச்சுகளும் நூல் நுனிகளும் தெரியும். வேட்டித் துண்டின் நான்கு ஓரங்களையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, குழலுக்குக் கீழே பரப்பி, முன்பக்கம் தெரியாதவாறு சிறு தையலால் மூடிவிட்டால் வேலை நிறைவுறும். மூடுமுன் ஒரு காரியம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாட்டும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். வாடகை வீட்டில் புதிய ஆணி அடிக்க வேண்டியதில்லை. நாட்காட்டி தொங்கிய ஆணியே இதன் எடையைத் தாங்கும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். பட்டுக்கும் சாயத்துக்கும் வெயிலே பெரும்பகை. அடுப்புப் புகை படும் இடமும், விளக்கேற்றும் மாடத்துக்கு அருகிலுள்ள இடமும் ஆகா. மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் சுவர் ஈரம் கசியும். அதனால்தான் சட்டைப் பொத்தான்கள் கேட்டேன். தொங்கலின் பின்புறம் கீழ் மூலைகளில் ஒவ்வொன்று தைத்துவிட்டால், துணி சுவரில் ஒட்டாமல் இடையே காற்று ஓடும். தில்லிப் பக்கத்துப் புழுதிக்கு, மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். துவைக்க வேண்டாம். நெடுநாள் எடுத்து வைப்பதானால், மடிக்காமல், குச்சியோடு துணியைச் சுருட்டிப் பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். பாச்சை உருண்டை சரிகைமேல் நேரே படக்கூடாது.

இப்போது, மூடுமுன் செய்ய வேண்டிய அந்தக் காரியம். வேட்டித் துண்டைத் தைத்து மூடுமுன், அதன் வெளிப்பக்கத்தில் தமிழில் நான்கு வரிகள் பென்சிலால் எழுதி, அந்த எழுத்தின்மேலேயே நூலால் தையுங்கள். இது யார் உடுத்திய புடவை, எந்த ஊரில் வாங்கியது, எந்த ஆண்டு, எந்த விசேஷத்துக்கு, தொங்கலைத் தைத்தவர் யார் என்பவை போதும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாததை, தெரிந்தவர் ஒருவர் இருக்கும்போதே தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள். "இந்தப் புடவை எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, அத்தை?" என்று ஒரு கேள்வி கேட்டால், அரைமணி நேரம் விடை வரும். அந்த விடையைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள். புடவை இன்னும் சில காலம் பெட்டியில் காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க முடியாது.

மையால் எழுதாமல் தைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மை பரவும், முன்பக்கத்துக்கும் ஊறலாம். மற்றொன்று, நம் பிள்ளைகளைக் குறித்தது. பிற மாநிலங்களில் பிறந்து வளரும் குழந்தைகள் பலர் தமிழ் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவ்வளவு பேர் இல்லை. அவர்களை இந்த எழுத்துகளைத் தைக்கச் செய்யுங்கள். ஓர் எழுத்தைத் தைப்பதற்கு, அதன் சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணும் விரலும் தெரிந்துகொண்டாக வேண்டும். பாட்டியின் பெயரையும் ஊரின் பெயரையும் தைத்து முடிக்கும் குழந்தை, பத்துப் பன்னிரண்டு எழுத்துகளை மறக்க முடியாதபடி கற்றிருக்கும். கோலப் புள்ளி வைப்பதையும் அவர்களிடமே விடலாம். புள்ளி கொஞ்சம் கோணினாலும் பிரித்துத் திருத்த வேண்டாம்.

வீட்டுக்கு வருவோர் தொங்கலின் முகத்தைப் பார்த்து அழகென்று சொல்வார்கள். அண்டை வீட்டு வங்காளி அம்மையார் அந்தத் தையலைக் கண்டு காந்தா என்பார். குஜராத்தி அம்மையார் இலை வரிசையைக் கண்டு தோரண் என்பார். இருவரும் சொல்வது சரிதான். அவர்களிடம் தொங்கலைச் சற்றே திருப்பி, பின்பக்கத்து எழுத்துகளைக் காட்டுங்கள். அதைப் படித்துப் பொருள் சொல்லும் வேலையை மட்டும் வீட்டுக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள்.